காற்றில்லாமல் சுற்றும் சக்கி

பொழுது சாயும் நேரத்தில் மாண்ட்வியில் காற்று ஒருமுறை விழும். பகலெல்லாம் கடலிலிருந்து அடித்த காற்று ஓய்ந்துபோயிருக்கும், நிலத்திலிருந்து திரும்பி வீச வேண்டிய காற்று இன்னும் புறப்பட்டிருக்காது. நடுவில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் துறைமுகத்துக் கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளின் பட்டங்கள் வானத்திலிருந்து மெல்லச் சரியும், ஜன்னல் திரை செங்குத்தாகத் தொங்கும். முக்தா அப்போதுதான் விளக்கேற்றுவாள். தீக்குச்சியைக் கையால் மறைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை என்பதால் அந்த நேரம் அவளுக்குப் பிடிக்கும்.

அன்றும் அப்படித்தான் ஏற்றினாள். சுடர் அசையாமல் நின்றது. பால்கனிக் கொடியில் காயப்போட்ட சேலை இஸ்திரி போட்டதுபோல நேராகத் தொங்கியது. எதிர்ப்புறத்து வேம்பில் ஓர் இலைகூட ஆடவில்லை. கைகூப்பிக் கண்ணை மூடியவளுக்குத் தலைக்கு மேலே, மொட்டைமாடியில், காற்றாலைச் சக்கி சுற்றும் சத்தம் கேட்டது.

ஊங்... ஊங்... ஊங்...

கண்ணைத் திறந்து மறுபடியும் சேலையைப் பார்த்தாள். அது அசையவில்லை. மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. கூடவே இன்னொரு சத்தம்: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, படுக்கையறைக் கூரைக்கு நேர் மேலே, கனமும் இல்லாத லேசும் இல்லாத ஓர் அடி. குதிகால் சிமெண்டில் படும் சத்தம்.

தொம்.

"கேட்டீங்களா," என்று படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவளுக்கு இல்லை. "மேல என்னமோ இடிக்குது."

மன்சுக் கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தான். மூக்கில் குழாய். காலடியில் ஆக்சிஜன் மெஷின் உஸ்ஸென்று இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மோர்பியில் ஓட்டுத் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தபோது அவன் விழுங்கிய வெள்ளைத் தூசியெல்லாம் நுரையீரலில் கல்லாகிவிட்டது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டும் அவனுக்கு.

"சூளைச் சத்தத்துல... தூங்கினவன் நான். இது தாலாட்டு."

"காத்தே இல்லையே. எப்படிச் சுத்துது?"

"என்கிட்ட இல்லாத காத்து... அதுகிட்ட இருக்கு. விடு முக்தா."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்து இருமினான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் இருமி முடிக்கும்வரை மேலிருந்து அந்த அடி நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

இந்த வீட்டை அவர்கள் வாங்கியதே அந்தச் சக்கியை நம்பித்தான். 'சாகர்தீப் குடியிருப்பு: வெயிலும் காற்றும் உங்கள் வேலைக்காரர்கள்' என்று சாலையோரத்தில் ஆளுயரப் பலகை வைத்திருந்தார்கள். மாடி நிறைய சோலார் பேனல், நடுவில் நட்டுக்குத்தலாக நின்று சுற்றும் மூன்று இறக்கைக் காற்றாலை. கரண்ட் போகவே போகாது பென், என்று சத்தியம் செய்தார் சேர்மன் பிரபோத்பாய். அங்கே பேச்சில் பெண்கள் எல்லோரும் பென், சகோதரி; ஆண்கள் எல்லோரும் பாய், சகோதரன். கட்டடம் கட்டியவருடைய மைத்துனர் அவர். சத்தியம் செய்வதுதான் அவர் உத்தியோகம். மூச்சு மின்சாரத்தில் ஓடுகிற ஒரு மனிதனை வைத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மேல்தளத்து வீடு வெயிலில் வேகும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டாள்.

தொம் என்ற இந்தச் சத்தத்தை அவள் இதற்கு முன்பு ஒரே ஒருநாள் கேட்டிருக்கிறாள். உத்தராயண் அன்று, ஊரே பட்டம் விடும் திருநாளில்.

அந்த நாளை நினைத்தால் முக்தாவுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இரண்டாவது கட்டடத்துக்கு ஆள் பிடிக்க, வீடு வாங்க வருகிறவர்களைப் பட்டம் விடுவதற்கென்று இந்த மாடிக்கே அழைத்திருந்தார் பிரபோத்பாய். உந்தியு என்ற காய்கறிக் கூட்டு, ஜிலேபி, எள்ளுமிட்டாய், ஆளுயர ஒலிபெருக்கி. ஊர் முழுக்க அறுந்த பட்டங்களின் மாஞ்சா நூல் பறந்துவந்து சக்கியில் சிக்கிச் சிக்கி, மதியத்துக்குள் அது கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினால்தான் கை வைப்பேன் என்று புஜ்ஜிலிருந்த மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டான். சக்கியை நிறுத்த அதன் அடியில் ஒரு பிரேக் இருக்கிறது, இழுத்தால் போதும். பிரபோத்பாய் இழுக்கவில்லை. வந்தவர்களுக்கு நிற்கிற சக்கியையா காட்டுவது?

துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி தேவ்ஷியைக் கூட்டிவந்தார்கள். கடலோடிகளான கார்வா சாதிப் பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மரக்கப்பலின் பாய்மரத்தில் ஏறி இறங்குகிறவன். படியேறிப் போகும்போது முக்தா வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். காற்று விழும் நேரமாகப் பார்த்து ஏறினான். சக்கி மெல்லச் சுற்றிக்கொண்டிருக்க, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் நூலைப் பிய்த்தான். அப்போது நிலத்துக் காற்று புறப்பட்டது.

உத்தராயண் அன்று அந்த ஊரில் எந்த மாடியிலும் ஒருவரும் வானத்தைவிட்டுக் கீழே பார்ப்பதில்லை. அத்தனை முகமும் மேலே. அறுத்தாச்சு, அறுத்தாச்சு என்று அத்தனை வாயிலும் கூச்சல். தங்கள் தோள் உயரத்தில், தட்டு நீட்டினால் தொடுகிற தூரத்தில், கழுத்தில் கண்ணாடி நூல் இறுக ஒருவன் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததை அந்தக் கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை.

கீழே மன்சுக்கின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முக்தாவுக்கு மட்டும் கேட்டது. தொம். தொம். தொம். அவள் பிரபோத்பாய்க்குப் போன் செய்தாள்.

"முக்தாபென்! உத்தராயண்! கர்பா ஆடுறாங்க பென், அதான் சத்தம். நீங்களும் வாங்க, உந்தியு சூடா இருக்கு."

"ஆடுற சத்தம் மாதிரி இல்ல பாய். ஒருத்தர் காலு மாதிரி இருக்கு. போய்ப் பாருங்க."

"வீடு வாங்குற பார்ட்டி வந்திருக்காங்க பென். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா?"

வைத்துவிட்டார். ஜிலேபித் தட்டோடு திரும்பிய ஒரு பெண்மணி பார்த்து அலறியபோதுதான் ஒலிபெருக்கி நின்றது.

பிறகு, குடித்திருந்தான் என்றார்கள். சாராயம் விற்கக்கூடாத மாநிலத்தில் செத்தவன்மேல் அந்த ஒரு வார்த்தையைப் போட்டால் போதும், அவனே குற்றவாளி ஆகிவிடுவான். குடித்தான் என்று யார் சொன்னது? அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவன் அவன். வாயில் இஞ்சித் தேநீர் மணம் தவிர ஒன்றும் இல்லை. போலீஸிடம் அதைச் சொன்னாள், எழுதிக்கொள்ளவே இல்லை. மறுநாள் வாசி உத்தராயண், திருநாளின் இரண்டாம் நாள். மாடியைக் கழுவிவிட்டு, சக்கியின் அடிமேடைக்கு வெள்ளையடித்துவிட்டு, மறுபடியும் பட்டம் விட்டார்கள்.

இதையெல்லாம் மனதில் போட்டு அரைத்துக்கொண்டு விளக்கேற்றும்போது இடி கேட்ட அந்த இரவு தூங்காமல் கிடந்தாள். மறுநாளும் பொழுது சாய்ந்தது, காற்று விழுந்தது, சக்கி சுற்றியது. அதற்கடுத்த நாளும். காற்று நன்றாக வீசும் பகலில் அந்த அடி இல்லை. இலை அசையாத அந்த வேளையில் மட்டும் அது வந்தது. குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் பிரபோத்பாய் தினமும் மின்சாரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 'இன்றும் சாதனை! ஜெய் வாயுதேவ்!' கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

அவள் காலையிலேயே கீழே இறங்கிப் போனாள். சேர்மன் தன் அறையில் சாஸரில் தேநீரை ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சக்கியை நிறுத்துங்க பாய்."

"வாங்க, உக்காருங்க. மன்சுக்பாய் எப்படி இருக்கார்?"

"நிறுத்துங்கன்னு சொன்னேன். சாயங்காலம் காத்தே இல்லாம சுத்துது. ஒவ்வொரு சுத்துக்கும் என் கூரையில இடிக்குது. அந்தப் பையன் செத்த அன்னிக்கு இடிச்ச அதே இடி."

பிரபோத்பாய் சாஸரைக் கீழே வைத்தார். முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது.

"காத்து கீழ இருக்காது பென், மேல இருக்கும். அதுவும் இல்லாம, யாருக்காக ஓடுது அது? உங்க வீட்டுக்காரர் மெஷினுக்காகத்தானே? அன்னிக்கும் அதுக்காகத்தானே நான் நிறுத்தல? போலீஸ்லகூட அதைத்தான் சொன்னேன்."

முக்தா மேஜையில் கையை ஊன்றினாள். பார்ட்டிக்குக் காட்டுவதற்காக ஓடவிட்டதை என் புருஷன் தலையில் கட்டினானா இவன்? உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது.

"என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னீங்களா? உந்தியு சாப்பிட்ட வாயால அதைச் சொல்ல உங்களுக்குக் கூசல? சாவியைக் குடுங்க. நானே போய் பிரேக்கை இழுக்கிறேன்."

"பென்..."

"குடுங்கன்னேன்!"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பியபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. குரலும் இறங்கிவிட்டது.

"பிரேக் போட்டுத்தான் இருக்கு பென்."

"என்ன?"

"அன்னிக்கே போட்டாச்சு. வாசி உத்தராயண் அன்னிக்குக்கூட எடுக்கல. போலீஸ்காரன் பூட்டுப் போட்டுட்டுப் போனான். பகல்ல நீங்க போய்ப் பாத்தா நின்னுக்கிட்டுத்தான் இருக்கும். பேனல்தான் வேலை செய்யுது. சாயங்காலம் மட்டும்..." சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார். "மீட்டர் பழுதுன்னு நெனச்சேன். இல்ல. கரண்ட் வருது. நல்லா வருது."

"பூட்டியிருந்தா எப்படிப் பாய் சுத்துது?"

"சுத்துதுல்ல பென்? விடுங்களேன்."

அவள் அவரையே பார்த்தாள். பயந்திருக்கிறான். பயந்துகொண்டே 'ஜெய் வாயுதேவ்' போடுகிறான்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்," என்றார் அவர், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "பேட்டரியெல்லாம் போன மழைக்கே செத்துப்போச்சு. மாத்தல. பொழுது சாஞ்சு பேனல் படுத்த பிறகு, ஊர்ல கரண்ட் போச்சுன்னா, இந்தக் கட்டடத்துக்கு அந்தச் சக்கி ஒண்ணுதான். யோசிச்சுக்குங்க."

சாவிக்கொத்தை மேஜைமேல் தள்ளிவிட்டார். அவள் எடுத்துக்கொண்டாள்.

பகல் முழுக்க அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தாள். பூட்டு சரியாக விழவில்லை. மேலே மெல்லிய காற்று இருக்கலாம். அன்றைக்குப் பிய்க்காமல் விட்ட நூலில் ஏதாவது கட்டை தொங்கி இடிக்கும், அறுத்துவிட்டால் தீர்ந்தது. அவசரத்துக்கென்று கட்டிலடியில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டர் உத்தராயண் இரவே காலியாகிவிட்டது. புஜ்ஜில் சிலிண்டர் விற்பவனுக்குப் போன் செய்து எத்தனையோ முறை திட்டியும் புதியது வந்தபாடில்லை. வந்ததும் முதல் வேலையாக இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு காய்கறிக் கத்தியைச் சேலைத் தலைப்பில் சுற்றினாள்.

விளக்கேற்றினாள். சுடர் அசையாமல் நின்றது. மேலே ஆரம்பித்துவிட்டது.

"எங்க போற?" என்றான் மன்சுக்.

"துணி எடுக்க."

மாடிக்கதவின் பூட்டு துருவேறிப் பிடிவாதம் பிடித்தது. தள்ளித் திறந்ததும் பகல் முழுக்க வெந்த சிமெண்டின் அனலும், கடல் உப்பும், புறாப் பீயின் வாடையும், அவற்றுக்கு அடியில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்த ஜிலேபி எண்ணெயின் பழைய நாற்றமும் சேர்ந்து முகத்தில் வந்து மோதின. வரிசை வரிசையாக இடுப்புயரத்துக்குச் சாய்ந்து நின்ற பேனல்கள் நடுவில் ஓர் ஆள் ஒதுங்கிப் போகிற அளவுக்குத்தான் வழிவிட்டன. மேற்கே வானம் சிவந்து முடிந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது. ஊர்ச் சத்தம் கீழே தூரத்தில் இருந்தது: பஜனை ஒலிபெருக்கி, தபேலிப் பலகார வண்டிக்காரனின் கரண்டித் தட்டல், எங்கோ ஒரு ஸ்கூட்டர். அவளுடைய கன்னத்தில், நெற்றியில், ஈரமான கழுத்தில், ஒரு துளிக் காற்றுகூடப் படவில்லை.

சக்கியை நேரே பார்க்க மனம் வரவில்லை. தலையைக் குனிந்தே பேனல்களுக்கு நடுவே நடந்தாள். பக்கத்துக் கண்ணாடி கறுத்துப் பளபளத்தது. அதில் வானம் தெரிந்தது. வானத்தின் குறுக்கே இறக்கையின் நிழல் ஒன்று போனது. இன்னொன்று. மூன்றாவது. பிறகு இறக்கை அல்லாத ஏதோ ஒன்று போனது.

துணி, என்று நினைத்தாள். எந்த வீட்டுத் துணியோ பறந்து வந்து சிக்கியிருக்கிறது.

அடுத்த வரிசைக்கு வந்தாள். அந்தக் கண்ணாடியில் இன்னும் கீழே தெரிந்தது. நீலத் துணி. அதற்குக் கீழே இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள். போயின. இறக்கை, இறக்கை, இறக்கை. மறுபடி பாதங்கள்.

தொம்.

அந்த நேரத்தில் ஊரில் கரண்ட் போனது. பஜனை பாதி வரியில் அறுந்தது. தெருவிளக்குகள், துறைமுகத்து விளக்குகள், எதிர்க்கட்டட ஜன்னல்கள் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை மோட்டாரும் நின்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல அமைதியானது. சாகர்தீப் படிக்கட்டில் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு லேசாக மங்கி, மறுபடி எரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் எரிந்தது.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

பிரேக் கீழே இழுபட்டிருந்தது. அதில் பூட்டுத் தொங்கியது. சக்கி சுற்றியது.

தேவ்ஷி அதில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. தொங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கழுத்தில் நூல் இருந்தது, இளஞ்சிவப்பு மாஞ்சா, பல சுற்று. ஆனால் இரண்டு கையாலும் இறக்கையைத் தாங்கும் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு, செக்கு மாடுபோலத் தலையைக் குனிந்து, அவன் அதைத் தள்ளிக்கொண்டிருந்தான். கால்கள் தரையில் இல்லை. சுற்றிலும் காற்றும் இல்லை. எதில் ஊன்றித் தள்ளுகிறான் என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் வெள்ளையடித்த அடிமேடையின் மூலையைக் கடக்கும்போது வலது குதிகால் அதில் இடித்தது. அந்த இடத்தில் வெள்ளை பெயர்ந்திருந்தது.

தொம்.

ஓட வேண்டும். கதவுப் பக்கம் ஓரடி வைத்தாள்.

அப்புறம் ஒரு கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம். செத்தும் விடவில்லையா இவனை? செத்தவனிடமும் வேலை வாங்குகிறார்களா? கணக்குப் போட்டுக் கைகூப்பி எல்லோரும் பார்க்க அனுப்புகிறார்களா? அவள் கத்தியை அவிழ்த்தாள். அன்றைக்கு யாராவது ஒருவர் செய்திருக்க வேண்டியதை இன்றைக்கு நான் செய்கிறேன் என்று போய், அவன் சுற்றி வரும் நேரம் பார்த்துக் கழுத்தருகே நூலைப் பிடித்தாள். கண்ணாடித்தூள் உள்ளங்கையில் ஏறியது. விடவில்லை. இழுத்து நிறுத்தினாள்.

சக்கி நின்றது.

படிக்கட்டு விளக்கு அணைந்தது. இருட்டு. அமைதி. கத்தியை நூலில் வைத்தாள்.

கீழேயிருந்து சத்தம் வந்தது. பீப். நீளமாக, நிறுத்தாமல். ஆக்சிஜன் மெஷின் அலறுகிறது.

பிறகு இருமல். இருமல் இல்லை, இருமலுக்குக்கூடக் காற்று இல்லாத ஒரு இழுப்பு. கட்டிலின் மரத்தில் கை அடிக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

"முக்..."

காலி சிலிண்டர். செத்த பேட்டரி. ஊரில் இருட்டு.

நூலை விட்டாள். சக்கி நகரவில்லை.

"சுத்து," என்றாள். "சுத்து பாய். சுத்து!"

நகரவில்லை. அவன் தலை குனிந்தபடியே இருந்தது. கீழே கை அடிக்கும் சத்தம் மெலிந்தது. அடிக்கு அடி இடைவெளி நீண்டது.

அவள் கத்தியைப் போட்டாள். இரண்டு கையையும் அவன் முதுகில் வைத்தாள். நீலச் சட்டை ஈரமாக இருந்தது. சட்டைக்கு அடியில் குளிர். ஒரு மனிதன் முதுகு, எலும்பு எலும்பாக. பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடும் தள்ளினாள்.

கிறீச்சிட்டு அசைந்தது. இன்னும் தள்ளினாள். ஊங்... அவன் கைகள் இறுகின. ஊங்... இனி அவள் தள்ள வேண்டியிருக்கவில்லை.

பீப் நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது. கீழே மெஷின் உஸ்ஸென்று இழுத்தது. மன்சுக்கின் மூச்சு அறுந்து அறுந்து, பிறகு சீராகக் கேட்டது. முக்தா பேனலில் சாய்ந்து நின்று அழுதாள். கையிலிருந்து ரத்தம் சூடான கண்ணாடியில் வழிந்தது.

அவன் ஒரு சுற்றுச் சுற்றி அவள் முன்னால் வந்தபோது முகத்தை நிமிர்த்தினான். தண்ணீர் கேட்ட அதே முகம். உதடு மட்டும் நீலம்.

"பென்," என்றான். "இன்னும் எவ்வளவு நேரம்?"

கடந்து போனான். தொம். அவள் பதில் சொல்வதற்குள் மறுபடி வந்துவிட்டான்.

"கரண்ட் வர்ற வரைக்கும் பாய்," என்றாள். தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. "ஊர்ல கரண்ட் வந்துடும். அது வரைக்கும்."

அவன் தலையாட்டினான். குனிந்து தள்ளினான்.

எவ்வளவு நேரம் நின்றாளோ. துறைமுகத்துப் பக்கம் முதலில் எரிந்தது, பிறகு கடைவீதி, பிறகு எதிர்ச் சாரி. அறுந்த இடத்திலிருந்து பஜனை தொடர்ந்தது. அவன் சுற்றி வந்தான்.

"வந்துடுச்சு பென்."

"வந்துடுச்சு."

கத்தி அவள் காலடியில் கிடந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். நான்கு இழுப்பில் அறுந்துவிடும். நாளைக்கும் பொழுது சாயும். நாளைக்கும் கரண்ட் போகும். இந்த ஊரில் என்றைக்குத்தான் போகவில்லை? அவன் மறுபடி சுற்றி வந்தான், அவள் கையைப் பார்த்தான், கீழே கிடந்த கத்தியைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் தாங்கவில்லை.

பிரபோத்பாய்மேல், கட்டடம் கட்டியவன்மேல், புஜ்ஜிலிருந்து சிலிண்டர் அனுப்பாதவன்மேல், எழுதிக்கொள்ளாத போலீஸ்மேல் இத்தனை நாள் பற்றி எரிந்த கோபம் எல்லாம், அவர்கள் யாரும் அங்கே இல்லாததால், எதிரே இருந்தவன்மேல் திரும்பியது.

"என்னை ஏன் அப்படிப் பாக்குற?" என்று சீறினாள். "நானா உன்னை ஏறச் சொன்னேன்? நானா பிரேக் போடாம விட்டேன்? என் புருஷன் ஒருத்தன்தான் எனக்கு இருக்கான். நீ போயிட்டா அவன் சாவான். தெரியுமா உனக்கு?"

"ஹா பென், தெரியும்," என்றான் அவன், போகிற போக்கில்.

தொம்.

கீழே மன்சுக் அந்தச் சத்தத்தில் புரண்டு படுத்து முனகுவது திறந்த ஜன்னல் வழியாகக் கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்தியை எடுத்துத் தலைப்பில் சுற்றினாள். கதவுவரை போனாள். அங்கேயே நின்று, வேலைக்காரனிடம் பேசுகிற சாதாரணக் குரலில், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்கோ. கீழ அவருக்குத் தூக்கம் கெடுது."

காத்திருந்தாள். ஒரு சுற்று போனது. சத்தம் வரவில்லை. இன்னொரு சுற்று. வரவில்லை. கதவைச் சாத்தும்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. குறுகிக்கொண்டிருந்த இடைவெளியில், தெருவிளக்கின் வெளிச்சத்தில், தேவ்ஷி இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு, எதிலும் பட்டுவிடாமல், சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டிருந்தான்.